நல்ல ஈயம்

ஈயம் பூசின பாத்திரம் வீட்டுக்கு வந்ததும், அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னால் உள்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்க்க வேண்டும், ஐயா. துணி வெள்ளையாகவே இருந்தால் அது வெள்ளீயம், பயமில்லாமல் சமைக்கலாம். சாம்பல் நிறத்தில் கறை ஒட்டிக்கொண்டு வந்தால் காரீயம் கலந்திருக்கிறது என்று அர்த்தம்; பூசினவன் தலையிலேயே கவிழ்த்துவிட்டு வரலாம். ஜனங்கள் இரண்டையும் ஈயம் என்று ஒரே பேரில் சொல்லிப் பழகிவிட்டார்கள். உங்கள் வீட்டுப் பெண்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

என் பேர் பரசுராமன். ராயபுரத்துக்காரன். துருத்தியையும் கரிமூட்டையையும் தோளில் மாட்டிக்கொண்டு ராயபுரம், வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் கூவிக்கொண்டு போகிற கலாய்க்காரன். தெருவோரமாகக் குழி பறித்துக் கரியை மூட்டி, பாத்திரத்தைக் காயவைத்து, நவச்சாரம் தூவி, ஈயத்தைக் காட்டிப் பஞ்சால் ஒரு சுற்றுத் துடைத்தால் உள்ளே பளிச்சென்று ஆகிவிடும். பித்தளையில் புளிப்பு பட்டால் களிம்பு ஏறும், சாப்பிட்டவனுக்குக் குமட்டும். அது ஏறாமல் காப்பதுதான் என் தொழில். காரீயம் மலிவு என்று அதைக் கலந்து பூசுகிற கலாய்க்காரர்கள் இந்தப் பட்டணத்தில் எத்தனையோ பேர். நான் அந்தக் காரியத்தைச் செய்ததே இல்லை. வெள்ளத்துரை வீட்டைத் தவிர வேறு எங்கேயும் செய்ததில்லை.

நீங்கள் செந்தூரக் கம்பெனிப் பெண்கள் விழுந்த விஷயமாகக் கேட்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன். நடுவில் நிறுத்தாமல் கேட்டால் எழுதுகிறவருக்கும் சுலபமாக இருக்கும்.

வெள்ளத்துரை திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து வியாபாரத்தில் காலூன்றியவன். முதலாளியை அவன் இவன் என்கிறேனே என்று பார்க்காதீர்கள், நேரில் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. வீடு வண்ணாரப்பேட்டையில். கம்பெனி திருவொற்றியூரைத் தாண்டி எர்ணாவூர் போகிற வழியில், கடலோரமாக. காரீயத்தை உலையில் வறுத்து, அரைத்து, சலித்துச் சிவப்புப் பொடியாக்குவார்கள். கப்பலின் அடிப்பக்கம் துரு ஏறாமல் இருக்கத் துறைமுகத்தில் பூசுகிறார்களே, அந்தச் செந்தூரம். உலையடியில் ஆண்கள். சலிப்பதும் மூட்டை கட்டுவதும் பெண்கள்.

அவன் வீட்டுப் பாத்திரங்களுக்கு வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் நான்தான் ஈயம் பூசுவேன். அவன் சம்சாரம் செல்லக்கனி அம்மாள் நல்ல மாதிரி. காபி கொடுக்காமல் அனுப்பமாட்டாள். அந்த அம்மாளிடம் சொல்லித்தான் என் மகள் மங்கைக்குக் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தேன். ஆமாம், நான்தான் வாங்கிக் கொடுத்தேன். மறைக்க அதில் ஒன்றுமில்லை. தாயில்லாப் பெண், நாளெல்லாம் ஒண்டியாக வீட்டில் கிடப்பதற்கு நாலு பெண்களோடு இருக்கட்டும் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் அப்போதே அங்கே போய்க்கொண்டிருந்தாள். இரண்டும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவை. மங்கை என்னை நைனா என்பதைக் கேட்டுக் கேட்டு அவளும் நைனா என்றே கூப்பிடுவாள்.

காரீயம் பாத்திரத்தில் இருந்தால் விஷம் என்று தெரிந்தவனுக்கு, அது பொடியாகப் பறந்தால் மூக்கில் போகும் என்று தோன்றவில்லை. தொழில்காரன் புத்தி அப்படித்தான். அவனவன் பிடித்த பொருளை அவனவன் பிடித்த பக்கத்திலிருந்துதான் பார்க்கிறான்.

முதல் வாரமே மங்கை இரண்டு கையையும் விரித்துக் காட்டிச் சிரித்தாள். "மர்தாணி இன்னாத்துக்கு நைனா? அதான் செக்கச்செவேல்னு கீதே" என்றாள். நானும் சிரித்தேன். அவளுக்குக் காசிமேட்டில் ஒரு பையனைப் பேசி வைத்திருந்தோம்.

அந்தக் கையோடுதான் மத்தியானம் கொட்டகைக்குள் உட்கார்ந்து கூழ் குடிப்பார்கள். கொட்டகைக்குப் பின்னால் கிணறு ஒன்று உண்டு. பெண்கள் கிணற்றடிக்குப் போனால் பேச்சு வளர்ந்து வேலை கெடுகிறது என்று வெள்ளத்துரை வாளியையும் கயிற்றையும் எடுத்து உள்ளே வைத்துப் பூட்டிவிட்டான். பெண்கள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அதே புடவையோடு வீட்டுக்கு வந்தார்கள்.

அடுத்த கோடைக்குள் மங்கை வெளுத்துப் போனாள். வாயெல்லாம் தித்திக்கிறது, சோறு இறங்கவில்லை என்றாள். பிறகு வயிற்றுவலி. அது வந்தால் முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு உருளுவாள். நான் ஓமத் தண்ணீர் கொடுத்தேன், விளக்கெண்ணெய் கொடுத்தேன். கடைசியில் தர்ம ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா அவள் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். மை தீட்டினாற்போல ஈறோரமாக ஒரு நீலக்கோடு ஓடியிருந்தது. "இவள் காரீயத்திலா வேலை செய்கிறாள்?" என்று என்னைக் கேட்டார்.

அவர் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னார். அந்தப் பொடி மூச்சிலும் போகும், சோற்றிலும் போகும். போனது லேசில் வெளியே வராது. ரத்தத்தைக் குறைக்கும், குடலை முறுக்கும், எலும்புக்குள் போய்க் குடியிருக்கும். நாளாக ஆக நரம்பைப் பிடிக்கும், கை விழுந்துவிடும், மூளைக்கு ஏறினால் வலிப்பு வரும். கர்ப்பிணிக்குப் பிள்ளை தங்காது. இதற்கு மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை, தள்ளி இருப்பதுதான் மருந்து என்றார். போய்த்தான் ஆகவேண்டும் என்றால் சாப்பிடுமுன் கையையும் வாயையும் சவுக்காரம் போட்டுக் கழுவ வேண்டும். கொட்டகைக்குள் சாப்பிடவே கூடாது. மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். தரையைக் கூட்டுவதற்கு முன் தண்ணீர் தெளிக்க வேண்டும். வேலைக்குக் கட்டின புடவையை அங்கேயே மாற்றிவிட்டு வர வேண்டும். வெறும் வயிற்றோடு போகாமல் பாலோ மோரோ குடித்துவிட்டுப் போக வேண்டும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அன்றைக்குக் கேட்டதில் ஒரு வார்த்தையைக்கூட நான் மறக்கவில்லை.

மங்கையை நிறுத்திவிட்டேன். அதோடு இருந்திருக்கலாம். மற்றப் பெண்களும் இருக்கிறார்களே என்று வெள்ளத்துரையைப் பார்க்கப் போனேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றுதான் பேசினேன். கிணற்று வாளியையாவது வெளியே வைக்கச் சொல்லுங்கள் முதலாளி என்றேன்.

அவன் பல்லைக் குத்திக்கொண்டே கேட்டான். "கை கழுவதுக்கு அம்புட்டுப் பெரிய கடல் கெடக்கு வே. வேலை முடிஞ்சதும் போயி முங்கச் சொல்லும்" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கோபம் அன்றைக்கு வரவில்லை.

ஆடி மாதத்தில் மங்கைக்கு வலிப்பு வந்தது. ஒன்று விட்டதும் இன்னொன்று. நடுவில் கண் திறந்தபோது என்னை அடையாளம் தெரியவில்லை. யார் யாரையோ கூப்பிட்டாள். குப்பம்மாள்தான் கூடவே இருந்து அவள் நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் பல்லிடுக்கில் துணியை வைத்துப் பிடித்தாள். விடிந்ததும் மங்கை போய்விட்டாள்.

வெள்ளத்துரை சாவுக்கு வந்தான். மாலை கொண்டுவந்தான். என்னை ஓரமாக அழைத்துக்கொண்டு போய்த் தோளில் கை வைத்து, "புள்ளைக்கு முந்தியே வலிப்பு இருந்துருக்கு. நீரு மறைச்சுட்டீரு. போகட்டும், நான் மனசுல வச்சுக்கிடல" என்றான். எனக்கு அவன் மன்னிப்புக் கொடுத்துவிட்டுப் போனான், ஐயா. பெண்ணைக் கிடத்தியிருந்த இடத்திலேயே. அப்போதுதான் எனக்கு வந்தது. கோபம் என்று அதைச் சொல்ல மாட்டேன், கோபம் வந்தால் போய்விடும். இது வந்து உட்கார்ந்துகொண்டது. இவனுக்கும் வாய் தித்திக்க வேண்டும், இவனும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உருள வேண்டும், இவன் கையும் தொங்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். காரீயமும் நின்றுதான் கொல்லும். வெட்டுக்கத்தி எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கும் செல்லக்கனி அம்மாள் ஆளனுப்பினாள். என்னைப் பார்த்ததும் அழுதாள். "என்னால வந்தது அண்ணாச்சி. நான் வேலைக்குச் சொல்லாம இருந்திருக்கணும்" என்றாள். காபி கொடுத்தாள், குடித்தேன். குண்டான், தவலை, தூக்கு எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். பண்டிகைக்கு ஊர்ச்சோறு ஆக்குகிற பெரிய அண்டாக்கள் இரண்டையும் உருட்டிக்கொண்டு வந்தார்கள். வலைக்குக் கட்டுகிற காரீயக்குண்டுகள் காசிமேட்டில் யாரிடம் கேட்டாலும் கிடைக்கும், நான் முன்னாலேயே வாங்கி வைத்திருந்தேன். பூசி முடித்தபோது எல்லாம் பார்வைக்கு அழகாகத்தான் இருந்தன.

அந்த வீட்டில் சிவந்தி என்று ஒரு சின்னப் பெண் உண்டு. வெள்ளத்துரையின் கடைசி மகள். நான் துருத்தி ஊதும்போது எதிரே குந்திக்கொண்டு நெருப்பை வேடிக்கை பார்க்கும். அந்தக் குழந்தையும் அந்தப் பாத்திரத்தில்தானே சாப்பிடும் என்று நான் நினைக்கவில்லையா என்று கேட்பீர்கள். நினைத்தேன். ஈறில் நீலக்கோடு வந்த பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அவனுக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன். நியாயம் என்றால் இரண்டு தட்டும் சமமாக இருக்க வேண்டும் அல்லவா?

பிறகு காத்திருந்தேன். அந்தத் தெருவில் எனக்கு வாடிக்கை வீடுகள் பல. வேலை இல்லாவிட்டாலும் அந்தப் பக்கமாகப் போவேன். வெள்ளத்துரை குதிரை மாதிரி இருந்தான். வண்டியில் ஏறும்போது வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்து, "என்ன வே, சௌக்கியமா?" என்பான். சிவந்தி கொழுகொழுவென்று தெருவில் ஓடும். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஒரு நாள் மத்தியானம் பின்கட்டுப் பக்கம் தண்ணீர் கேட்கப் போனபோது கண்ணில் பட்டது. அடுப்படியில் வரிசையாக மண்சட்டிகள். மீன்குழம்பு ஒன்றில், புளிக்கறி ஒன்றில், ரசம்கூட ஒன்றில். தெற்கத்திப் பெண்கள் பித்தளையில் புளியை விடமாட்டார்களாம். மண்சட்டியில் வைத்தால்தான் குழம்பு ருசிக்கும் என்று செல்லக்கனி அம்மாளே சிரித்துக்கொண்டு சொன்னாள். நான் பூசின பாத்திரங்களில் தண்ணீரும் அரிசியும்தான். அது ஈயத்தை அதிகமாகக் கிளறாது. கிளறுவது புளிப்புதான். இத்தனை வருஷமாக அந்த வீட்டுக்குப் போகிறேன், அவர்கள் சமையல் எனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களுடைய பித்தளை. மண்சட்டியை யாரும் கலாய்க்காரனிடம் கொடுக்கமாட்டார்கள், ஐயா. அதை நான் யோசிக்கத் தவறிவிட்டேன்.

இதோடு விட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். வேறு வழி ஏதாவது தேடியிருப்பேன்.

ஈஸ்டருக்கு முன்னால் அவர்கள் உபவாசம் இருக்கிற லெந்து நாட்கள் வந்தபோது செல்லக்கனி அம்மாள் புருஷனோடு சண்டை பிடித்துச் சாப்பிடாமல் கிடந்தாளாம். மங்கை செத்தது அவள் மனசை விட்டுப் போகவில்லை. கடைசியில் அவன் இறங்கி வந்தான். கிணற்று வாளி வெளியே வந்தது. பெண்களுக்குச் சவுக்காரம் கொடுத்தார்கள். சாப்பாட்டுக்குத் தனியாக ஒரு கீற்றுப் பந்தல் போட்டார்கள். அதோடு தினமும் மத்தியானம் மோர். நான் சொன்னதையெல்லாம் செய்தார்கள். என் பெண் எரிந்த பிறகு செய்தார்கள்.

எனக்கு இதைச் சொன்னவள் குப்பம்மாள். அவள் அப்போது மசக்கையாக இருந்தாள். புருஷன் அப்பாவு துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், நல்ல பையன். "முதலாளியம்மா வூட்லேர்ந்து மோர் வந்துகினு கீது நைனா. ரெண்டு பெரிய அண்டா. உப்பு, இஞ்சி, கொத்மல்லி எல்லாம் போட்டு. வண்டியில வருது" என்றாள். மங்கை இருந்திருந்தால் அதுவும் குடித்திருக்கும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காலையில் கடைந்த மோர், உப்பு போட்டு, வெயிலில் வண்டியேறி, உச்சிவேளை வரைக்கும் அந்த அண்டாவில். எனக்குக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. தெரியாமல் நடந்தது என்று நான் சொல்லப் போவதில்லை.

அன்றைக்கு ஒரு தவலைக்குக் கரி ஊதிக்கொண்டே யோசித்தேன். அம்மாளிடம் போய் அண்டாவை மாற்றச் சொன்னால் ஏன் என்று கேட்பாள். சொன்னால் வெள்ளத்துரை என்னைக் கயிற்றுக்கு அனுப்பிவிட்டு, தர்மவானாக மோர் ஊற்றிக்கொண்டிருப்பான். அதை என்னால் பொறுக்க முடியாது. அப்புறம் வேறொன்றும் தோன்றியது. ஒருத்தி செத்தால் முந்தியே வலிப்பு இருந்தது என்பான். கொட்டகை முழுவதும் விழுந்தால் என்ன சொல்வான்? சர்க்கார் வரும். அந்த டாக்டரம்மா வருவார். கம்பெனியை இழுத்துப் பூட்டுவார்கள். அவன் கையில் விலங்கு விழும். அவன் குடிக்காத விஷத்தால் அவனைப் பிடிக்கலாம் என்று எனக்குப் புரிந்தது. அந்தப் பெண்கள் எப்படியும் அந்தப் பொடியைச் சுவாசித்து ஒருநாள் விழப்போகிறவர்கள்தான். நான் புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை, கொஞ்சம் துரிதப்படுத்தினேன். அதுவும் அவர்களுக்காகத்தான். கம்பெனி மூடினால் பின்னால் வருகிற பெண்களாவது பிழைப்பார்கள் அல்லவா?

மழைக்காலம் தொடங்குமுன் செல்லக்கனி அம்மாள் மறுபடியும் ஆளனுப்பினாள். மோர் ஊற்றி ஊற்றி அண்டாவில் பூச்சு தேய்ந்துவிட்டது. அவளே பக்கத்தில் வந்து நின்றாள். "ஏழைப் பிள்ளைக குடிக்கது அண்ணாச்சி. நல்ல ஈயமாப் பாத்துப் போடுங்க. மங்கை பேரைச் சொல்லித்தான் இத அனுப்புதேன்" என்றாள்.

"ஆவட்டும்மா" என்றேன்.

முன்னைவிடக் கனமாகப் பூசினேன். அன்றைக்கும் காபி கொடுத்தாள். சிவந்திப் பெண் வந்து பக்கத்தில் குந்தியபோது, நெருப்புக்கிட்ட வராதே கண்ணு, பொறி பறக்கும் என்று தள்ளி உட்கார வைத்தேன். வேலை செய்யும்போது நான் எப்போதும் காற்றுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன், மூக்கில் துணி கட்டிக்கொள்வேன், முடித்ததும் சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் காபியைத் தொடுவேன். டாக்டரம்மா சொன்னதெல்லாம் என் ஒருத்தன் விஷயத்தில் சரியாக நடந்திருக்கிறது.

ஐப்பசிக்குள் ஒவ்வொருத்தியாக விழுந்தார்கள். வயிற்றுவலி என்று சிலர், கை மரத்துப்போகிறது என்று சிலர். நீங்கள் போட்ட கணக்கு உங்களிடம் இருக்கும். நான் எண்ணவில்லை. நினைத்தபடியே சர்க்கார் ஆட்கள் வந்தார்கள், கம்பெனியைப் பூட்டினார்கள், வெள்ளத்துரையைக் காவலில் வைத்தீர்கள். அவனைக் கூட்டிக்கொண்டு போனபோது நான் தெருவில் நின்று பார்த்தேன். குனிந்துகொண்டு போனான். அன்றைக்கு ராத்திரி நான் வயிறாரச் சாப்பிட்டேன். மங்கை போன பிறகு அப்படிச் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பச்சையம்மாளை நான் எதிர்பார்க்கவில்லை. கம்பெனி வாசலைப் பெருக்குகிற கிழவி. கொட்டகைக்குள் கால் வைத்ததில்லை, செந்தூரத்தைத் தொட்டதில்லை. பெண்களுக்கு மோர் ஊற்றிக் கொடுப்பது அவள். அண்டாவின் அடியில் மிஞ்சினதை வீணாக்குவானேன் என்று தானே குடித்திருக்கிறாள். அவளுக்கும் கை தொங்கியதும் டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பொடியைத் தொடாதவளுக்கு இது எங்கிருந்து வந்தது என்று தேடி, அண்டாவைச் சோதனைக்கு அனுப்பி, பூசினது யார் என்று கேட்டு, நேற்று உங்கள் போலீஸ் ஜவான் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். நான் ஓடவில்லை. இப்போதும் இல்லை என்று சொல்லவில்லை. அண்டாவில் காரீயம் பூசினது நான். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. இரண்டாம் தடவை யார் குடிப்பார்கள் என்று தெரிந்தே பூசினேன்.

குப்பம்மாளைப் பற்றிக் கேட்டீர்கள். அவளுக்கு நான் எந்தக் கெடுதலும் நினைத்ததில்லை. மங்கைக்குப் பிறகு எனக்கு ஒரு வாய்க் குழம்பு கொண்டுவந்து வைத்தவள் அவள்தான். வேலையை விடு என்று பலமுறை சொன்னேன். அப்பாவு ஒருத்தன் கூலியில் ஆகாது என்றாள். சரி, போவதானால் இப்படிப் போ என்று எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். மூக்கில் ஈரத்துணி கட்டு, நகத்தை ஒட்ட வெட்டு, கழுவாத கையை வாயில் வைக்காதே, புடவையை அங்கேயே மாற்று, வீட்டுக்கு வந்ததும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள். சவுக்காரம்கூட நானே வாங்கிக் கொடுத்தேன். அவள் ஒன்றுவிடாமல் செய்தாள். அந்தக் கொட்டகையிலேயே சுத்தமாக இருந்தவள் அவள்தான் என்று டாக்டரம்மா உங்களிடமும் சொல்லியிருப்பார். மோரைப் பற்றி மட்டும் நான் சொல்லவில்லை.

ஒரு நாள் எர்ணாவூரில் ஒரு வீட்டு வேலை முடித்துத் திரும்பும்போது உச்சிவேளை. கம்பெனிப் பந்தலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். குப்பம்மாள் என்னைப் பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வேலியோரம் வந்தாள். கையில் லோட்டா நிறைய மோர். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் சிரித்தாள்.

"இன்னா நைனா, இந்த வெயில்ல வந்துகினு கீறே? மூஞ்சி வாடிப்பூட்ச்சே. இந்தா, ஒரு வாய் குட்ச்சுட்டுப் போ. வவுத்துல ஒண்ணு கீதுன்னு எனக்கு மட்டும் ரெண்டு லோட்டா ஊத்தச் சொல்லிக் கீது அந்தம்மா. இத்த குட்ச்சாதான் எனுக்கு உசுரே வருது."

எனக்குத் தாகம்தான். நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. "வேணாம்மா. எனக்கு மோர் ஒத்துக்கறதில்லே" என்றேன்.

"அப்ப நானே குட்ச்சுடவா?"

அவள் என்னைக் கேட்டுவிட்டுத்தான் குடித்தாள், ஐயா. லோட்டாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். ஏற்கெனவே அவளுக்கு மணிக்கட்டு தளர ஆரம்பித்திருந்தது, ஒரு கையால் தூக்க முடியவில்லை. நான் தலையை ஆட்டிவிட்டு நின்று பார்த்தேன். குடித்து முடித்ததும் லோட்டாவைக் கவிழ்த்துக் காட்டிச் சிரித்தாள். அதற்கப்புறம் பிள்ளை தங்கவில்லை. பிள்ளை போன மறுவாரம் வலிப்பு வந்தது. மங்கைக்கு அவள் செய்தமாதிரியே, நான் கூட இருந்து பல்லிடுக்கில் துணி வைத்துப் பிடித்தேன். அப்பாவு என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

வெள்ளத்துரையை விட்டுவிடப் போகிறீர்கள் என்று உங்கள் ஜவான் வழியில் சொன்னான். அது நியாயமில்லை. நான் ஒப்புக்கொள்ள வேண்டியதையெல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டேன். அண்டா இரண்டும் என்னுடைய வேலை. பச்சையம்மாளின் கை என்னுடைய வேலை. மற்றப் பெண்களையும் என் பேரிலேயே போட்டுக்கொள்ளுங்கள், கைநாட்டு வைக்கிறேன். குப்பம்மாளை மட்டும் சேர்க்காதீர்கள். அவள் எனக்கு மகள் மாதிரி. அவளைக் கொன்றது வெள்ளத்துரை. அதைத் தனியாக, அவன் பேரைப் போட்டு எழுதச் சொல்லுங்கள்.